நான் பார்க்காத ஒரு வாரக் காற்று

என் வாழ்க்கையின் முதல் மோசடியை நான் அறிவியல் பாடத்தில் செய்தேன். அதற்குத் தண்டனை கிடைக்கவில்லை, பாராட்டுத்தான் கிடைத்தது. அதனாலேயே இத்தனை ஆண்டுகள் கழிந்தும் மறக்க முடியவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் குடியிருந்தோம். மேற்கே மூன்று மைலில் கடல். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மதிய வெயிலில் வீட்டுக்குப் பின்னால் நின்றால், சேறும் உப்பும் கலந்த ஒரு வாடை வந்து கடல் அங்கே இருப்பதைச் சொல்லிவிட்டுப் போகும்.

அப்பா செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தாள். எட்டுப் பெண்கள், முதுகில் ஆளுக்கொரு பம்பு. காலில் ரப்பர் சப்பாத்து, முழுக்கைச் சட்டை, கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகத்தைச் சுற்றிய துணி. மரத்தடியில் முளைக்கும் களையைக் கொல்லுவது அவர்கள் வேலை. அவர்களை மேய்க்கும் மண்டோர், அம்மாவின் சொந்த அண்ணன், என் தாய்மாமா. காட்டில், அதாவது தோட்டத்து வேலையிடத்தில், இருக்கும்வரை அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிடமாட்டாள், அவரும் தங்கையென்று காட்டிக்கொள்ளமாட்டார். மாலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து பலகையில் உட்கார்ந்து தேநீரை ஊதிக் குடிக்கும்போதுதான் இருவரும் மறுபடி உறவாவார்கள்.

அந்த ஆண்டு எங்களுக்குப் புதிய அறிவியல் ஆசிரியர் வந்திருந்தார். ஒரு நாள் வகுப்புக்குள் நுழைந்ததும், "காத்து எப்படி வருது?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். "மரம் ஆடுது சார். அதனால காத்து வருது." அந்த வயதுவரை நான் அதை உறுதியாக நம்பியிருந்தேன். விசிறியை ஆட்டினால் காற்று வருகிறது, மரம் விசிறியைவிட எவ்வளவோ பெரியது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஆசிரியர் சிரிக்கவில்லை. எங்கள் எல்லாரையும் எழுப்பி, வரிசையாகப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குக் கூட்டிப் போனார். உள்ளே சமையற்கட்டில் இரண்டு பெரிய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. மீ கோரெங் என்ற நூடுல்ஸ் வறுபடும் நேரம். ஆசிரியர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சமையற்கட்டு வாசலில் தரையோடு ஒட்டிப் பிடித்தார். புகை மெல்லச் சாய்ந்து உள்ளே போயிற்று. பிறகு நாற்காலிமேல் ஏறி, அதே ஊதுபத்தியை வாசல்நிலையின் மேல்விளிம்பில் பிடித்தார். புகை வெளியே வந்தது. நாங்கள் வாயைப் பிளந்தோம்.

"சூடான காத்து லேசாயி மேல போயிடும். அது விட்டுட்டுப் போன எடத்த நிரப்ப, வெளியில இருக்கிற குளிர்ந்த காத்து கீழ வழியா உள்ள வரும். அப்படி வர்றதுதான் நமக்குக் காத்து. யாரும் தள்ளுறதில்ல, எடம் காலியாகுது, அதான் வருது."

சமைத்துக்கொண்டிருந்த அக்கா, "சாமி கும்புடுறதா இருந்தா வெளிய போயி கும்புடுங்க சார், மீ கருகுது," என்றார்.

வகுப்புக்குத் திரும்பியதும் ஆசிரியர் பூமியுருண்டையை எடுத்து வைத்தார். நடுவில் ஓடும் பூமத்தியரேகையைக் காட்டி இதுதான் உலகத்தின் அடுப்பு என்றார். நாம் குடியிருப்பது அந்த அடுப்பங்கரையில். இங்கே வெயிலில் காய்ந்த காற்று மேலே கிளம்பி வடக்கிலும் தெற்கிலும் போகிறது, தூரத்தில் ஆறிக் கீழே இறங்குகிறது, இறங்கியது தரையோடு ஊர்ந்து மறுபடி நம்மிடமே வருகிறது. வரும்போது நேராக வராது. உருண்டையை ஒரு கையால் சுழற்றிவிட்டு, மறு கையால் மேலிருந்து கீழே நேராகச் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். நிறுத்திப் பார்த்தால் கோடு வளைந்து கிடந்தது. "பாத்தீங்களா? நான் நேராத்தான் இழுத்தேன். கோட்டுக்கு அடியில பூமி நகந்துடுச்சு." உலகம் முழுக்க ஓடுகிற காற்று அன்று எனக்கு அந்த ஒரு வளைந்த கோட்டில் தெரிந்தது. இன்றைக்கும் காற்றைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு முதலில் வருவது மீ கோரெங் வாசனைதான்.

நான் எழுந்து, எங்கள் லயத்துக்கு வருவதும் அந்தக் காற்றுதானா என்று கேட்டேன். உலகக் காற்று வேறு, உள்ளூர்க் காற்று வேறு என்றார் அவர். உலகக் காற்று ஆண்டுக்கு இரண்டு தடவை திசை மாறும். அது பலமில்லாமல் இருக்கும் மாதங்களில் கரையோரத்தில் உள்ளூர்க் காற்று ஆட்சி செய்யும். பகலில் மண் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். அதனால் பகலில் கடலிலிருந்து காற்று வரும். இரவில் மண் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் விடியும்வரை கரையிலிருந்து கடலுக்குப் போகும். "நம்புறதுக்கு முன்னாடி நீங்களே பாருங்க," என்று ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். ஒரு மாதம், தினமும் மூன்று வேளை, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எழுத வேண்டும். காலை ஏழு மணி, பத்தரை மணி ஓய்வு நேரம், மாலை ஐந்து மணி.

நான் கொல்லையில் ஒரு கழியை நட்டு அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டினேன். ஓய்வு நேரத்தில் பள்ளிக் கொடிக்கம்பத்தைப் பார்த்து எழுதினேன். முதல் இரண்டு வாரம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. அம்மாவுக்கு நிலக்காற்று, கடற்காற்று என்று பாடமே எடுத்தேன். அவள் சப்பாத்தைக் கழுவியபடி, "அப்படியா, அப்படியா," என்று கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள், பாவம், தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் பள்ளி விடுமுறை. மாமா தன் பழைய காரில் என்னைக் கெர்லிங்கில் இருந்த பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே ஆறு, மலை, விளையாட நான்கு பிள்ளைகள். நோட்டு ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை மாமாவே வந்து திரும்ப அழைத்துப் போனார். வீட்டில் பையைத் திறந்ததும் ஏழு நாள் வெள்ளையாக என்னைப் பார்த்தது.

அழுகை வந்துவிட்டது. அம்மா, "எதுக்குடி அழுவுற? எழுது, சொல்றேன்," என்றாள்.

"ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எழுதுடி. திங்கக்கெழம விடியக்காலையில மலக்காத்து. ஒம்பதரைக்கு நின்னுச்சு. பத்தே காலுக்குக் கடல்காத்து வந்துருச்சு. செவ்வாக்கெழம வானம் மூட்டமா இருந்துச்சு, அன்னிக்குக் கடல்காத்து பதினொரு மணிக்கு மேலதான். பொதன்கெழம..."

நிறுத்தாமல் ஏழு நாளையும் சொன்னாள். புதன்கிழமை மாலை மழைக்கு முன்னால் காற்று எப்படிச் சுழன்றது என்பதுவரை வந்தது. நான் மலைக்காற்றைக் கிழக்கு என்றும் கடல்காற்றை மேற்கு என்றும் மாற்றி, அவள் சொன்ன நேரங்களோடு அழகான கையெழுத்தில் எழுதினேன். கடல்காற்று வருவது எப்படித் தெரியும் என்று பேச்சுக்குக் கேட்டேன். "மொதல்ல காத்தே நின்னுடும். வேர்த்துக் கொட்டும். அப்பறம் கடல் பக்கத்துக் காது மட்டும் குளுரும்," என்றாள். அதை நான் எழுதவில்லை. காது குளிர்வது அறிவியலில் சேராது என்று நினைத்தேன். எப்படியோ பக்கம் நிரம்பிவிட்டது. ஆசிரியரை ஏமாற்றிவிட்டோம் என்ற பயம் மட்டும் தங்கியது.

பள்ளி திறந்து மூன்றாம் நாள் அது நடந்தது. எங்கள் பள்ளிக்கு மேற்கே, ஒரு வாய்க்காலுக்கு அப்பால், பழைய செம்பனைகளைச் சாய்த்துவிட்டுப் புதிதாகக் கன்று நட்டிருந்தார்கள். கன்றுகள் இடுப்புயரம்தான். முன்பு அங்கே சுவர்போல நின்ற மரங்கள் இல்லாததால் கடல்வரை வெட்டவெளி. அந்தக் காட்டில் மருந்தடிப்பு தொடங்கியிருந்தது.

ஓய்வு நேரத்தில் வேலியோரம் நின்று தின்றுகொண்டிருந்தோம். மூக்கில் காரமாக ஏதோ ஏறியது. கண் எரிந்தது. முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். ஆசிரியர்கள் ஓடிவந்து பிள்ளைகளை வகுப்புக்குள் தள்ளிச் சன்னல்களை அடைத்தார்கள். நான் வேலியோரமே நின்றுவிட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், எட்டுப் பெண்களும் நிரையில் நின்றார்கள். அதில் ஒருத்தி பள்ளிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பம்பை முதுகிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

"அண்ணே, காத்து திரும்பிடுச்சு. நிறுத்திக்குவோம்."

காட்டில் அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான்.

"இன்னும் ஆறு நெர இருக்கு. முடிச்சுட்டு எறக்கு," என்றார் மாமா.

"மருந்து அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போவுதுண்ணே. புள்ளைங்க கத்துறது கேக்கலியா?"

"காத்துக்கு நான் மண்டோர் இல்ல. ஒரு மணிவரைக்கும் அடிக்கணும்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. அவரு சொல்ற பக்கந்தான் எனக்குக் காத்து."

"அப்ப என் பேர வெட்டிடுங்க." அம்மா பம்புக்குப் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அரப்பேருதான் போடுவேன், பாதி நாள் சம்பளந்தான். ஆபிசுலயும் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பம்பு தரையில் இறங்கியது. பிறகு மூன்று, பிறகு எல்லாமே. மாமா தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

என் பக்கத்தில் நின்ற தோழி, "ஏய், மொதல்ல ஒக்காந்தது ஒங்கம்மா லா," என்றாள்.

"எங்கம்மா இல்ல," என்றேன். முகத்தில் துணி சுற்றியிருந்ததால் எட்டுப் பேரும் ஒன்றுபோல இருந்தார்கள். சொல்வது சுலபமாக இருந்தது. எல்லாரும் நின்று வேலை செய்யும் இடத்தில், மாமாவே திட்டும்போது, முதலில் உட்கார்ந்தவள் என் அம்மா என்பது எனக்கு அவமானமாக இருந்தது.

அன்று மாலை மாமா தேநீருக்கு வரவில்லை. அவருக்கு ஊற்றிய கோப்பையை அப்பா குடித்தார். "என்னா இப்ப, அண்ணனும் தங்கச்சியும் கோர்ட்டுக்குப் போவப் போறீங்களா?" என்று கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு மேனேஜர் வரச் சொல்லியிருக்காரு. நீயும் வா. ஒன் காத்து நோட்ட எடுத்துக்கிட்டு வா."

எனக்கு உயிர் போய்விட்டது. அதில் ஒரு வாரம் நான் பார்க்காதது. மேனேஜர் கண்டுபிடித்தால் ஆசிரியருக்குத் தெரியும், ஆசிரியருக்குத் தெரிந்தால் தலைமையாசிரியருக்குத் தெரியும். அம்மாவிடம் அதைச் சொல்லவும் பயம். அன்றிரவு தூக்கத்தில் உளறினேன் என்று அப்பா பிறகு சொன்னார்.

மேனேஜர் கிள்ளானிலிருந்து புதிதாக வந்த இளைஞர். தமிழ் பேசுவார், பாதி ஆங்கிலம் கலந்து. மேசைக்கு அந்தப் பக்கம் அவர். பக்கத்தில் கணக்கு எழுதும் கிராணி. சுவரோரம் மாமா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மா குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள்.

"வேலய நிறுத்துனது நீங்கதானா?"

"ஆமா சார். பத்து மணிக்கு மேல காத்து பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிடுது. விடியக்காலையில அடிச்சா கடல் பக்கமா போயிடும். அந்தக் காட்ட மட்டும் ஏழு மணிக்கு ஆரம்பிச்சு, காத்து நின்னதும் நிறுத்திக்கிறோம். மத்த நேரத்துக்கு வேற காடு குடுங்க, பெரிய மரமா இருக்கிற காடு. வேலைக்குப் பயந்து சொல்லல."

"டெய்லி அப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "எம் மவ எழுதி வச்சிருக்கா சார்."

அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு என்னிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். காலை ஏழு மணி, கிழக்கு. ஓய்வு நேரம், மேற்கு. காலை ஏழு மணி, கிழக்கு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது வாரம் வந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"இந்த வாரம் ரொம்ப டீட்டெய்லா இருக்கே. ஒன்பதரைக்கு நின்னது, பத்தே காலுக்கு வந்ததுன்னு. இது ஸ்கூல் ஹாலிடே இல்லையா?"

"ஆமா சார்."

"ஹாலிடேலயும் எழுதுனியா?"

தலையைத் திருப்பினேன். மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காரில் ஏற்றிக் கெர்லிங்கில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான், திரும்ப அழைத்து வந்தவரும் அவர்தான். "இவ அந்த வாரம் ஊர்லயே இல்ல சார்," என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

மாமா தொண்டையைச் செருமினார். "எழுதுவா சார். நல்லாப் படிக்கிற புள்ள. என் தங்கச்சி மவ."

மேனேஜர் நோட்டை வாங்கி மூடினார். பிறகு மாமாவைப் பார்த்து, "மண்டோர், இதை ஏன் நீங்க முன்னாடியே என்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொல்லியிருக்கணும் சார்," என்றார் மாமா.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேனேஜரே அந்தக் காட்டுக்குப் போய், கைக்குட்டையை ஒரு குச்சியில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கைக்குட்டை முதலில் கடலைப் பார்த்துப் பறந்து, பிறகு தொங்கிப்போயிற்று. அம்மா, "இப்ப வந்துரும் சார்," என்றாள். கால் மணி நேரத்தில் அது பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பறந்தது. அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார் என்று சொல்லி அந்தப் பெண்கள் பல நாள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் பத்து மணிக்கு மேல் மருந்து அடிக்கவில்லை. எங்கள் பள்ளிச் சன்னல்கள் திறந்தே இருந்தன. அம்மாவுக்கு அந்த நாளுக்கான அரைப்பேர் அரைப்பேராகவே இருந்தது. அதை யாரும் மாற்றவில்லை, அவளும் கேட்கவில்லை.

மாமா இரண்டு நாள் கழித்து அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா தேநீரை வைத்தாள். இருவரும் மழையைப் பற்றியும் பெரியம்மாவின் மூட்டுவலியைப் பற்றியும் பேசினார்கள். நான் கதவோரம் நின்று மாமாவையே பார்த்தேன். என்னைக் கெர்லிங்குக்குக் கூட்டிப் போனதையே இவர் மறந்துவிட்டாரே, இவ்வளவு ஞாபக மறதியா என்று வியந்தேன். மண்டோராகும் முன் அவரும் நாலு வருஷம் மருந்து சுமந்தவர் என்பதும், மேனேஜரின் மேசைக்கு முன்னால் தான் சொல்லத் தயங்கியதை ஒரு பள்ளிப்பிள்ளையின் நோட்டுச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார் என்பதும் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. தன் அண்ணன் மற்ற பெண்கள் முன்னால் தங்கைக்குத் தோற்க மாட்டார், மருமகளின் படிப்புக்குத் தோற்பதில் அவருக்குக் குறைவு இல்லை என்று அம்மா கணக்குப் போட்டிருந்ததும் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மாதக் கடைசியில் ஆசிரியர் நோட்டுகளைத் திருத்திக் கொடுத்தார். என் முதல் இரண்டு வாரத்துக்குச் சரி என்று ஒரு கோடு. கொடிக்கம்பம் கட்டடத்தை ஒட்டி இருப்பதால் ஓய்வு நேரத் திசை சில நாள் தவறாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு. மூன்றாவது வாரத்தில் மட்டும் சிவப்பு மையில் பக்கம் நிறைய எழுதியிருந்தார். காற்று நின்ற நேரத்தையும் குறித்திருப்பது மிக அருமை, மேகமூட்டமான நாளில் கடற்காற்று தாமதமாக வந்ததைக் கவனித்த ஒரே ஆள் நீதான், இவ்வளவு கூர்மையான கவனிப்பை நான் இதுவரை எந்த மாணவரிடமும் பார்த்ததில்லை, நீ எதிர்காலத்தில் பெரிய ஆளாக வருவாய்.

வகுப்பு கைதட்டியது. எனக்குக் காது சிவந்தது. ஏமாற்றி வாங்கிய பாராட்டு, வீட்டில் காட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, அந்தப் பக்கத்தைப் பிய்த்து நாலாக மடித்துப் பள்ளிக்குப் பின்னால் வாய்க்காலில் போட்டேன். அது மிதந்து போகும்வரை நின்று பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "வாத்தியாரு என்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல," என்றேன்.

அந்தச் சிவப்பு எழுத்துகள் யாருக்கு எழுதப்பட்டவை என்று அன்று எனக்குத் தெரியவில்லை.